வலது பக்கம் என்ன இருக்கு?

எங்கள் வீட்டுப் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பூட்டுக்காரர் வீட்டில் தாழ்ப்பாள் இல்லையா என்று கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவசரத்துக்கு எங்கள் வீட்டில் ஒதுங்கியவர்கள் யாரும் சிரித்ததில்லை. உள்ளே போனால் பாட வேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது, கேட்காவிட்டால் காலி. அக்கா சினிமாப் பாட்டுகளைக் கண்டபடி கலந்து பாடுவாள். எனக்குப் பாட்டு வராது, வாய்ப்பாடு சொல்வேன். அதனால்தான் எனக்கு 'கணக்கு' என்று பெயர் விழுந்தது. பிற்பாடு நான் கணக்கியல் படிக்கப் போனதும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பா இருமுவார். அம்மாதான் நிஜமாகவே பாடுவாள். நல்ல குரல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா பெருமையடிப்பார்: "எங்க வீட்ல தினமும் காலையில கச்சேரி நடக்கும், தெரியுமா?"

ஒரு காலத்தில் தாழ்ப்பாள் இருந்ததற்கு அடையாளமாகக் கதவின் உட்பக்கம் நாலு திருகாணி ஓட்டைகள் இருக்கின்றன. அப்பா தொழில் கற்றுக்கொண்டு தனியாகப் போய்த் திறந்த முதல் கதவு ஒரு பாத்ரூம் கதவு. உள்ளே யாரோ ஒரு வயதான அம்மா வழுக்கி விழுந்து கிடந்தார். அப்பா திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர் கைகூடக் கழுவாமல் திருப்புளியை எடுத்து, வாசல் கதவைத் தவிர மற்ற எல்லாக் கதவுகளின் தாழ்ப்பாள்களையும் கழற்றிப் போட்டாராம். "நம்ம வீட்டுக்குள்ள நமக்கு எதுக்குத் தாழ்ப்பாள்?" என்று கேட்டாராம். அப்போது அம்மா புதுப்பெண். அவள் என்ன பதில் சொன்னாள் என்பது அந்தக் கதையில் வராது. நாங்களும் கேட்டதில்லை.

அப்பாவின் கதைகள் எல்லாமே வெளியே நிற்பவர்களைப் பற்றியவை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். அடுப்பை அணைக்காமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே மாட்டிக்கொண்ட பெண். கல்யாண மோதிரம் உள்ளே, மாப்பிள்ளை வெளியே. கைக்குழந்தை உள்ளே தூங்க, குப்பை கொட்ட வந்த இடத்தில் கதவு காற்றில் சாத்திக்கொண்ட தகப்பன். "பூட்டின கதவுக்கு முன்னாடி நிக்கிறவன் மூஞ்சியைப் பாரு. அதைவிடப் பாவப்பட்ட மூஞ்சி உலகத்துல கிடையாது" என்பார். நானும் அக்காவும் அந்தச் சோற்றோடு அதையும் சேர்த்துத்தான் விழுங்கி வளர்ந்தோம். உள்ளே இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், வெளியே நிற்பவர்கள்தான் உதவி தேவைப்படுகிறவர்கள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றே நினைத்தோம்.

அக்காவுக்கு இது ரத்தத்தில் ஊறிப்போனது. பள்ளிக்கூடத்தில் தோழியின் பந்தை டீச்சர் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியபோது, இடைவேளையில் கொண்டை ஊசியால் அலமாரியைத் திறந்து பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். தலைமை ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் திட்டுவதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வெளியே வந்த அப்பா, அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு நேரம் ஆச்சு?"

பிறகு அவரே அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார். படிப்பில் பிடிப்பில்லாத பெண், பூட்டென்றால் சாப்பாட்டை மறந்துவிடுவாள். தொழிலைவிட முக்கியமாக அப்பா சொல்லிக் கொடுத்தது ஒரு கேள்வி. பூட்டுக்காரனைக் கூப்பிடுகிறவன் திருடனா வீட்டுக்காரனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்கள் காகிதத்தைக் காட்டச் சொல்வார்கள். அப்பாவுக்குக் காகிதத்தில் நம்பிக்கை இல்லை. "காகிதம் எவன் வேணாலும் அடிச்சுக்குவான். வீட்டைச் சொல்லச் சொல்லு. 'உள்ள நுழைஞ்சா வலது பக்கம் என்ன இருக்கு?'ன்னு கேளு. சொந்த வீடுன்னா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவான். திருடன் முழிப்பான்."

அந்தக் கேள்வி ஒருமுறைகூட அவரைக் கைவிட்டதில்லை. மழை கொட்டித் தீர்த்த ஒரு நாள் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தவர், தலையைத் துவட்டுவதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தார். "ஒரு மனுஷன், பாவம், குடைகூட இல்லாம நின்னான். 'வலது பக்கம் என்ன சார்?'னு வாயைத் திறக்கிறேன், முடிக்கறதுக்குள்ள சொல்றான், 'கண்ணாடி, மரச்சட்டம் போட்டது'ன்னு. திறந்தா அச்சு அசலா அதே கண்ணாடி. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டான், தெரியுமா?" என்றபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அம்மா துண்டை நீட்டி, "முதல்ல தலையைத் துவட்டுங்க" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். பச்சை மறைப்புக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பூட்டுக் கடை போன் அக்கா கைக்கு வந்தது. அக்காவுக்கு வண்டி ஓட்ட வராது. கல்லூரி விடுமுறையில் சும்மா இருந்த நான் ஓட்டுநர் ஆனேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்து வருவாள், நான் எந்த வளைவில் திரும்பினாலும் குறை சொல்லிக்கொண்டே வருவாள்.

அன்று மத்தியானம் வந்த அழைப்பு ஒரு மாடிக் குடியிருப்பிலிருந்து. மூன்றாவது மாடி. நடைபாதையின் இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். கடைசிக் கதவுக்கு முன்னால் ஒரு ஆள் தரையில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் களைப்பு, பக்கத்தில் பிதுங்கி வழிகிற மாதிரி ஒரு மளிகைப் பை, மேலே வியர்த்துக்கொண்டிருந்த பால் பாக்கெட். எங்களைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"பொம்பளைப் புள்ளைங்களா வருவீங்கன்னு நெனைக்கலம்மா. யாரு வந்தா என்ன, கதவு திறந்தா சரி. வீட்ல எல்லாரும் வெளியூர் போயிருக்காங்க. சாவியை உள்ளயே வெச்சுட்டு வந்துட்டேன். பால் வேற கெட்டுப்போயிடும்."

அந்தப் பாலைப் பார்த்ததுமே அக்காவின் முகம் இளகிவிட்டது. மண்டியிட்டுப் பூட்டைப் பார்த்தாள். "புதுப் பூட்டா இருக்கே சார்" என்றாள்.

"பழசு மக்கர் பண்ணுச்சு. மாத்தினோம். மாத்தின நேரம் பாருங்க, என்னையே வெளிய நிறுத்திடுச்சு" என்று சிரித்தார்.

அக்காவும் சிரித்தாள். பெட்டியைத் திறந்துகொண்டே, அப்பாவின் குரலிலேயே கேட்டாள்: "உள்ள நுழைஞ்சா வலது பக்கம் என்ன சார் இருக்கு?"

அவர் யோசிக்கவே இல்லை. "கண்ணாடி. மரச்சட்டம் போட்டது. கீழ் மூலையில விரிசல் விட்டிருக்கும்."

எனக்குள் ஏதோ நெருடியது. கண்ணாடி, மரச்சட்டம். எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. கண்ணாடி இல்லாத வீடு எது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா வேலையில் இறங்கிவிட்டாள். இடது கையில் வளைந்த தகடு, வலது கையில் அப்பாவின் கொக்கிக் கம்பி. அந்தக் கம்பியை அப்பா தன் கையாலேயே அரத்தால் ராவிச் செய்தார். என்னைத் தொடவிட்டதே கிடையாது. பூட்டுக்குள் வரிசையாக நிற்கும் சின்ன ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த வேண்டும், கடைசி ஊசி ஏறியதும் பூட்டு தானாகத் திரும்பும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு செய்தாள். அந்த ஆள் அவள் தலைக்கு மேல் குனிந்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

க்ளிக்.

"வந்துருச்சு" என்றாள் அக்கா. கைப்பிடியைத் திருகித் தள்ளினாள். கதவு ஒரு சாண் திறந்து, எதன் மீதோ இடித்து நின்றது. அந்த ஒரு சாண் இடுக்கில் வலது பக்கச் சுவர் தெரிந்தது. மரச்சட்டம் போட்ட கண்ணாடி. கீழ் மூலையில் விரிசல். அவர் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது. ஆனால் விரிசல் என்று அவர் சொன்னது சாதாரண விரிசல் இல்லை. யாருடைய தலையையோ பிடித்து மோதியது போல ஒரு குழி, அதிலிருந்து நாலா பக்கமும் கோடுகள்.

கண்ணாடியில் ஏதோ அசைந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு மேசையை முட்டுக் கொடுத்து, அதன் மீது முழு பாரத்தையும் போட்டு ஒரு பெண் சாய்ந்திருந்தாள். இடது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரல் என்று சொல்லவும் முடியாது, வெறும் காற்று.

அக்காவுக்கு இன்னும் புரியவில்லை. அவள் முகத்தில் ஒரு கதவைத் திறந்த சந்தோஷம் அப்படியே இருந்தது. "பூட்டுக்காரங்கம்மா. கதவு திறந்தாச்சு" என்றாள்.

"ஐயோ" என்றது அந்தக் குரல். "எதுக்கும்மா திறந்தீங்க?"

வீட்டில் யாரும் இல்லை என்று சொன்ன ஆளைத் திரும்பிப் பார்த்தேன். பாவப்பட்ட மூஞ்சி எங்கே போனதென்று தெரியவில்லை. அது அந்த முகத்தில் இருந்ததே இல்லை என்பது போல் வேறு ஒருவர் அங்கே நின்றார். அவர் அக்காவை முழங்காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, கதவில் தோளைக் கொடுத்தார். உள்ளே மேசை தரையில் கிறீச்சிட்டது. சாண் இடுக்கு ஒன்றரைச் சாண் ஆனது. உள்ளே அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. மேசையைத் தள்ளும் முனகல் மட்டும் கேட்டது.

அக்கா தரையில் விழுந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அக்கா எதற்கும் அதிர்ந்து நிற்கிற ஆள் இல்லை. அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு குரல் வந்தது. கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் அதே பவ்யமான குரல்.

"சார், சார், தள்ளாதீங்க. பூட்டு நாக்கு பாதியில மாட்டியிருக்கு. ஒரு நிமிஷம் விலகுங்க, முழுசா எடுத்து விட்டுடறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். அக்கா கையில் கம்பியோடு எழுந்து நின்றாள். அவர் ஒரு அடி பின்னால் வந்தார். ஒரே ஒரு அடி. அக்கா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகைப் பூட்டு அது. க்ளிக் என்று விழுந்தது. விழுந்த வேகத்தில் கொக்கிக் கம்பியைச் சாவித் துவாரத்துக்குள் அடிவரை சொருகி, பக்கவாட்டில் ஓங்கி ஒரு நெட்டு நெட்டினாள். அப்பா ராவிய கம்பி பட்டென்று உடைந்தது. முனை உள்ளே தங்கிவிட்டது. இனி அந்தத் துவாரத்தில் சாவி போகாது, கம்பி போகாது, உள்ளே இருப்பவள் குமிழைத் திருகினால் மட்டும்தான் கதவு திறக்கும்.

"என்ன பண்ணின?" என்றார் அவர்.

"தப்பான கதவைத் திறந்துட்டேன் சார். சாத்திட்டேன்" என்றாள் அக்கா.

அவர் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து அழுத்தினார். நான் கத்தியிருக்க வேண்டும். கத்தத்தான் வாயைத் திறந்தேன். பயத்தில் தொண்டையிலிருந்து வந்தது என்ன தெரியுமா? ஏழாம் வாய்ப்பாடு. "ஏழேழு நாப்பத்தொம்பது! ஏழெட்டு அம்பத்தாறு!" ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே சத்தம் அதுதான். நடைபாதை முழுக்க எதிரொலிக்கக் கண்ணீர் வழியக் கத்தினேன். பைத்தியக்காரச் சத்தத்துக்குத்தான் ஜனங்கள் கதவைத் திறப்பார்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்வீட்டு அம்மா வந்தார். கையில் கரண்டியோடு ஒருவர் வந்தார். அவர்களைப் பார்த்ததும் அந்த ஆள் கையை எடுத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணுமில்ல, எங்க குடும்ப விஷயம்" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். கூட்டம் நகரவில்லை. கரண்டிக்காரர் போனை எடுத்துப் போலீசுக்குப் பேச ஆரம்பித்ததும், அவர் சாவகாசமாகப் படியிறங்கிப் போனார். பையைக்கூட எடுக்கவில்லை.

அந்தப் பையை நான்தான் நகர்த்தினேன். தூக்கினால் எடையே இல்லை. பால் பாக்கெட்டுக்குக் கீழே முழுக்க முழுக்கக் கசக்கித் திணித்த பழைய செய்தித்தாள். அக்கா அதையே பார்த்துக்கொண்டு கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி ஒருதடவையும் இப்படித்தான் ஆச்சு" என்றார் எதிர்வீட்டு அம்மா. "அப்ப குடும்ப விஷயம்னு நாங்களும் கதவைச் சாத்திக்கிட்டோம்."

அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்ததா தெரியவில்லை. எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். கதவைத் திறந்துவிட்டவர்கள் நாங்கள்.

போலீஸ் வந்து, கேட்டு, எழுதி, ஆளைத் தேடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. அவர்களிடம் கதவிடுக்கு வழியாகவே பேசி முடித்த அந்தப் பெண், அவர்கள் போன பிறகும் எங்களை உள்ளே விடவில்லை. எப்படி விடுவாள்? நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். போகலாம் என்று நான் சொல்லவில்லை, அக்காவும் எழவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு கதவு மெல்லத் திறந்தது.

"இன்னும் போகலையா நீங்க?"

"தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்துட்டுப் போறோம்கா" என்றாள் அக்கா. "வெளிய துவாரமே இல்லாதது."

உள்ளே போனோம். கதவின் உட்புறத்தை அக்கா தடவிப் பார்த்தாள். அவள் கை ஒரு இடத்தில் நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாலு திருகாணி ஓட்டைகள்.

"இங்க ஏற்கனவே ஒண்ணு இருந்திருக்கே" என்றாள்.

"இருந்துச்சு. அவருதான் கழட்டிப் போட்டாரு. கல்யாணமான புதுசுல. 'நமக்குள்ள எதுக்குத் தாழ்ப்பாள்?'னு சொன்னாரு. அப்ப எனக்கு அது சந்தோஷமாகூட இருந்துச்சு" என்றாள் அந்தப் பெண்.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொள்ளத் தைரியம் இல்லை.

"அவரை வீட்டை விட்டு அனுப்பி, சாவியை வாங்கிக்கிட்டப்புறம் பூட்டை மட்டும் நம்பி இருந்தேன்" என்று அவள் தொடர்ந்தாள். "அதையும் ஒருத்தர் வந்து திறந்து விட்டுட்டாரு. நான் தூங்கிட்டு இருந்தேன், மழைச் சத்தத்துல எதுவுமே கேக்கல. முழிச்சுப் பாத்தா தலைமாட்டுல நிக்கிறாரு. அன்னிக்கி உடைஞ்சதுதான் இந்தக் கையும் அந்தக் கண்ணாடியும். அப்புறம்தான் புதுப் பூட்டு மாத்தினேன்."

"திறந்து விட்டது யாரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் பாக்கல. எதிர்வீட்டு அம்மா பாத்தாங்க. வயசானவராம், தடிமனா மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாராம். தொப்பலா நனைஞ்சுட்டே வேலை பாத்தாராம். ரொம்ப நல்ல மனுஷனாட்டம் இருந்தாராம்."

அக்காவின் கையிலிருந்து திருப்புளி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தவள் நிமிரவே வெகு நேரமானது. அவர் எங்கள் அப்பா என்பதை அவள்தான் சொன்னாள். சொல்லாமலே வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண் எங்களைத் துரத்திவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "சரி, நல்லா இறுக்கிப் போடு" என்றாள்.

அக்கா மேலே ஒன்று, கீழே ஒன்று போட்டாள். அந்தப் பெண் எழுந்து வந்து நல்ல கையால் இரண்டையும் தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள்.

"வெளியிலேர்ந்து இதைத் திறக்க முடியுமா?"

"முடியாதுக்கா. என்னால முடியாது."

"உங்க அப்பாவால?"

"அவராலயும் முடியாது" என்றாள் அக்கா.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் என் ஓட்டுதலைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அப்பா கண்மறைப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "என்னடா, ஒரு கதவுக்கு இவ்வளவு நேரமா?" என்று உற்சாகமாகக் கேட்டார். அக்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். கழுத்தில் கை வைத்ததைச் சொன்னபோது அப்பா எழுந்துவிட்டார். மழை நாளைப் பற்றிச் சொன்னபோது உட்கார்ந்துவிட்டார். உடைந்த கம்பியின் கைப்பிடியை அக்கா அவர் மடியில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"நான் பாத்தப்போ முழுசா இருந்துச்சே" என்றார். "அந்தக் கண்ணாடி. முழுசாதாம்மா இருந்துச்சு."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் ஏதோ இல்லை என்று வாதாடியது போல. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, அதே நேரம் அவரைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறைப்புக்குக் கீழே வழிந்துகொண்டிருந்தது.

சமையலறை வாசலில் நின்று அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அக்காவின் கழுத்தைத் திருப்பி, விரல் பதிந்த இடத்தைப் பார்த்தாள். அப்பாவைத் தேற்றப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இதுல இன்னொரு தாழ்ப்பாள் இருக்காடி?"

"இருக்கும்மா. எதுக்கு?"

"நம்ம பாத்ரூமுக்கு."

அப்பா நிமிர்ந்தார். "என்ன பேசற? உள்ள விழுந்து கிடந்தா எப்படி..."

"விழுந்தா கத்தறேன். வந்து கதவை உடைங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. "உங்க பயம் எனக்குத் தெரியாம இல்லீங்க. அன்னிக்கி நீங்க வந்து நின்ன கோலத்தைப் பாத்துட்டுத்தான் நான் வாயைத் திறக்கல. ஆனா எனக்குப் பாடவே பிடிக்காது."

நாங்கள் மூவரும் அவளையே பார்த்தோம்.

"பாடவே பிடிக்காது" என்று இன்னொரு தடவை சொன்னாள். "சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காது. தினமும் யாராவது தள்ளிக்கிட்டு வந்துடுவாங்களோங்கிற பயத்துலதான் பாடறேன். சோப்பு போடறப்பகூட நிறுத்தாம பாடறேன்."

மத்தியானம் அந்தக் கதவு திறந்தபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. கச்சேரி, கச்சேரி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம். அம்மாவுக்குப் பாட்டென்றால் உயிர் என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் நான் எழுதியிருக்கிறேன். அப்பா இருமினார்.

அக்கா எழுந்து போனாள். பழைய ஓட்டைகள் அகன்று தளர்ந்திருந்தன. தீக்குச்சிகளை உடைத்து அவற்றுக்குள் திணித்து, அதே நாலு ஓட்டைகளில் திருகாணிகளை முறுக்கினாள். நான் டார்ச் பிடித்தேன். முடித்ததும் அவள் கதவைச் சாத்தி, உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டு, பிறகு எடுத்தாள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குப் புதிது.

மறுநாள் காலையில் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் விழுந்தது. பாட்டு இல்லை. நான் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அக்கா காப்பித் தம்ளரோடு நின்றுவிட்டாள். அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வந்து, அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார். தட்டக் கையைத் தூக்கினார், தட்டாமல் இறக்கினார். தண்ணீர்ச் சத்தம் நின்று, உள்ளே எதுவுமே கேட்காமல் போனபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா..." என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: "இருக்கேன்."

அப்பா தலையாட்டினார். திரும்பிப் போகாமல், கதவுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார். மறுபடி தண்ணீர் விழ ஆரம்பித்தது. அம்மா அவசரப்படவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் தாழ்ப்பாளை எடுத்தாள்.